சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய்

தை பிறந்து மழை ஓய்ந்ததும் தேயிலைத் தோட்டத்துப் பீலியில், அதாவது எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் குழாயில், தண்ணீர் மெலியத் தொடங்கும். பங்குனியில் தொழிலாளர் வரிசை வீடுகளான பல லயங்களில் காலையில் கொஞ்ச நேரம் வந்தாலே பெரிய காரியம். வீட்டிலுள்ள சோடாப் போத்தல் எல்லாம் அப்போது தண்ணீர்ப் போத்தலாகிவிடும். அடுப்படி மூலையில் வரிசையாக நிற்கும் அவற்றுக்கு நடுவில் மண்ணெண்ணெய்ப் போத்தலும் ஒன்று நிற்கும். வெயிலில் ஓடியாடி வந்த நாலு வயதுப் பிள்ளை மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டா குடிக்கப்போகிறது? ஒரு மிடறு உள்ளே போன பிறகுதான் நாக்குக்கே தெரியும்.

ஆகவே மண்ணெண்ணெய்க்கு வேறு வடிவில், உள்ளே இருப்பது தெரியாத, இறுக்கமான மூடியுள்ள கேன் ஒன்றை ஒதுக்குங்கள். கடைக்குப் போவதும் அதே கேனாக இருக்கட்டும். போத்தலில் பேனாவால் 'எண்ணெய்' என்று எழுதி ஒட்டுவது வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது இரண்டுமே ஆபத்து. மண்ணெண்ணெய் வயிற்றில் கிடப்பதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் மோசம். மெல்லிய எண்ணெய் என்பதால், மேலே வரும்போது சில துளிகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் பரவி, நெஞ்சில் அழற்சியை உண்டாக்கும். நனைந்த உடுப்பைக் கழற்றி, தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இருமலோ வேகமான மூச்சோ சில மணித்தியாலங்கள் கழித்தும் தொடங்கலாம். பிள்ளை சும்மா விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து இதைவிடப் பொல்லாதது. 'மருந்து' என்ற அந்தச் சொல்லே ஒரு சிக்கல்: காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. பிள்ளைகள் முன்னால் 'நஞ்சு' என்றே சொல்லிப் பழகுவது நல்லது. மிஞ்சியதைச் சின்னப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. லேபலோடு வந்த டப்பாவிலேயே வைத்து, பூட்டுப் போட்ட பெட்டியில், குடியிருக்கும் காம்பராவுக்கு வெளியே வையுங்கள். வெறும் டப்பாவை எத்தனை முறை அலசினாலும் தண்ணீர் பிடிக்க ஆகாது. ஓட்டை போட்டுவிடுங்கள், அப்போதுதான் யாரும் எடுக்கமாட்டார்கள். சில பூச்சிநஞ்சுகள் தோல் வழியாகவும் ஏறும். எச்சில் ஒழுகுதல், அளவுக்கு மீறிய வியர்வை, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குதல், மூச்சுத் திணறல் இவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. நஞ்சு பட்ட தோலைக் கழுவிவிடுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ள வேண்டும்.

சாமி தட்டிலிருக்கும் கற்பூரத்தை யாரும் நஞ்சாக நினைப்பதில்லை. வெள்ளையாக, கற்கண்டு மாதிரி, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். ஒரு கிராம் அளவே சின்னப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம். சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். தீப்பெட்டியை ஒளித்து வைப்பவர்கள் கற்பூரத்தையும் அதோடு சேர்த்து ஒளித்து வைக்கலாம்.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பெனடோல் (பரசிட்டமோல்) பாணியை வீட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள், கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். போத்தலோடு வரும் அளவுக் கிண்ணம்தான் சரி. அளவு கூடிப்போனால் முதல் நாள் பிள்ளை நன்றாக இருப்பது போலவே தெரியும், ஈரல் பாதிப்பு அதற்குப் பிறகுதான் வெளிப்படும்.

அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலங்கையின் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. தோட்டத்தின் பெயரோடு அதன் பிரிவான டிவிஷன் பெயரையும், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பிள்ளை மயங்கியிருந்தால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். குடித்த போத்தலை மூடியோடு கையில் எடுத்துப் போங்கள். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்றுதான் டொக்டர் முதலில் கேட்பார்.