கற்றாழை, மாவு, மெழுகு: பழங்களுக்குப் பூசிப் பார்த்ததில் இதுவரை

மேசை மேல் எட்டு எலுமிச்சை, ஆறு தக்காளி, ஒரு சீப்பு வாழைப்பழம். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதிய எண். ஒரு மாதமாக எங்கள் சமையலறைத் தராசுக்கு ஓய்வே இல்லை.

பறித்த பிறகும் பழம் சுவாசிக்கிறது. தோல் வழியாக நீரையும் இழந்துகொண்டே இருக்கிறது. சாப்பிடத் தகுந்த ஒரு படலத்தை மேலே பூசினால் இரண்டும் மெதுவாகும் என்று படித்தேன். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

முதலில் கற்றாழை. மடலை வெட்டிச் செங்குத்தாக நிறுத்தி, மஞ்சள் பால் முழுக்க வடியும் வரை விட்டேன். அது கசப்பு, வயிற்றையும் கலக்கும். உள்ளிருந்த சோற்றை மிக்ஸியில் அடித்து வடிகட்டினேன். சூடாக்காமல் வைத்த முதல் கிண்ணம் மறுநாளே நிறம் மாறிவிட்டதால், அடுத்ததை 70 டிகிரி வரை சூடாக்கி ஆறவைத்தேன். எலுமிச்சையை முக்கி எடுத்தால் அது தோலில் ஒட்டவே இல்லை. வழிந்துபோய் அடியில் சொட்டாகத் தொங்கியது. எலுமிச்சைத் தோலிலேயே இயற்கையான மெழுகு இருக்கிறதே! பத்து நாள் கழித்து எடை பார்த்தேன். பூசாதது 60 கிராமிலிருந்து 51-க்கு வந்திருந்தது, பூசியது 52-க்கு. ஒரு கிராமுக்கா இவ்வளவு பாடு என்று தோன்றியது. பிறகு யோசித்தால் காரணம் புரிகிறது. கற்றாழைக் கூழ், ஸ்டார்ச் போன்றவை நீரோடு ஒட்டி உறவாடுபவை. காய்ந்த படலம் ஆக்சிஜனை ஓரளவு தடுக்கும், ஆனால் நீராவிக்கு வழிவிடும். நீரைத் தடுக்க மெழுகு, கொழுப்பு வகைதான் சரி.

அடுத்தது வாழைப்பழம். 100 மில்லி நீருக்கு 3 கிராம் சோளமாவு, கண்ணாடி போல் தெளியும் வரை காய்ச்சி, சில சொட்டு கிளிசரின். கிளிசரின் இல்லாமல் செய்தபோது படலம் காய்ந்ததும் வெடித்துச் செதில் செதிலாக உரிந்தது. முக்குவதைவிடக் காயவைப்பதுதான் பெரிய வேலை. தட்டில் வைத்தால் தொட்ட இடமெல்லாம் பெயர்ந்துவிடுகிறது. காம்பில் நூல் கட்டி மின்விசிறிக் காற்றில் தொங்கவிட்டேன்.

இங்கேதான் பேராசைப்பட்டேன். ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. ஆறாம் நாள் பூசாத பழங்களில் கரும்புள்ளி. என்னுடையவை பச்சை கலந்த மஞ்சளில் ஜம்மென்று இருந்தன. பெருமையோடு உரித்தேன். குப்பென்று சாராய வாடை! உள்ளே கொழகொழப்பு, இனிப்பே இல்லை. மூச்சை முழுக்க அடைத்தால் பழம் ஆக்சிஜன் இல்லாமலே சமாளிக்கப் பார்க்கிறது, அப்போது எத்தனால் உருவாகிறது. வெளியே அழகு, உள்ளே நொதிப்பு. மறுமுறை ஒரே ஒரு மெல்லிய பூச்சு. பூசாததைவிட இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கியது, வாடை இல்லை. (முதல் தடவை பூசியதையும் பூசாததையும் ஒரே கூடையில் வைத்திருந்தேன். ஒன்று விடும் எத்திலீன் வாயு மற்றதையும் பழுக்கவைக்குமே, அது எனக்கு அன்று உறைக்கவில்லை. அந்தக் கணக்கை அப்படியே கிழித்துப் போட்டேன்.)

தக்காளியில்தான் மனம் குளிர்ந்தது. அதன் தோலில் சுவாசத் துளைகள் கிடையாது. காற்றுப் போக்குவரத்து பெரும்பாலும் காம்பு இருந்த குழி வழியாகத்தான். அப்படியானால் முழுப் பழத்தையும் ஏன் முக்க வேண்டும்? உணவுத் தரத் தேன்மெழுகை உருக்கி, மூன்று பழங்களின் குழியில் மட்டும் தூரிகையால் தொட்டு வைத்தேன். பன்னிரண்டாம் நாள் பூசாத மூன்றும் தோள்பட்டையில் சுருங்கியிருந்தன. மெழுகு வைத்ததில் இரண்டு இன்னும் கெட்டியாக இருந்தன. மூன்றாவதில் மெழுகுக்கு அடியிலேயே பூஞ்சை. கழுவிய ஈரம் குழியில் நின்றிருக்கிறது, அதையும் சேர்த்து மூடி வைத்திருக்கிறேன்.

சரி, இப்போது மறுபடி எலுமிச்சை. மாவுக் கரைசலில் தேன்மெழுகைக் கலந்து பூசலாம் என்று திட்டம். நேற்றைய முயற்சியில் மெழுகு தனியே மிதந்து, ஆறியதும் மேலே ஆடை கட்டிவிட்டது. நீரையும் மெழுகையும் பிரியாமல் கலக்க வைக்கும் லெசித்தின் வாங்கி வைத்திருக்கிறேன். இதற்கென்று புதிதாக எண் போட்ட எலுமிச்சைகள், 9 முதல் 12 வரை, இன்னும் பூசாமல் காத்திருக்கின்றன.