முதல் மெசேஜில் கடவுள் இருக்க மாட்டார்

ஜூன் 9, திங்கள்
பத்தாவதில் ஃபெயிலாகி வீட்டில் கிடக்கும் வியாசர்பாடிப் பையனுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மெசேஜ் வரும்: "சாப்ட்டியா தம்பி?" அப்பா லோடு இறக்கப் போயிருப்பார், அம்மா அசந்து தூங்கியிருப்பார். எந்த மதத்தின் பேரில் வன்முறைக் கும்பலுக்கு ஆள் பிடித்தாலும் பெரும்பாலும் ஆரம்பம் இப்படித்தான். பிறகு குரூப்பிலிருந்து தனி சாட், அங்கிருந்து மெசேஜ் தானாக அழியும் ஆப். வீடியோவும் படிப்படியாகத்தான் வரும். முதலில் எங்கோ நிஜமாகவே நடந்த கொடுமை, அடுத்து "நம்ம ஆளுங்க சும்மா இருக்காங்க", கடைசியில் "நீ என்ன பண்ணப் போற?" தொடக்கம் உண்மை என்பதால்தான் 'எல்லாம் பொய்' என்கிற பெரியவர்களின் பேச்சு எடுபடுவதில்லை.

ஜூன் 12, வியாழன்
தாடி, விபூதி, ஜெபம், நோன்பு எதுவும் அறிகுறி இல்லை. இதற்கெல்லாம் பதறுகிறவர்கள்தான் காரியத்தைக் கெடுப்பது. கேரம் கிளப்புக்குப் போவது நின்றதா, பழைய கூட்டாளி திடீரென்று ஆகாதவன் ஆனானா என்று பாருங்கள். ஏரியா இமாம், பூசாரி, பாதிரியார் யாருமே 'உண்மையானவர்' இல்லை என்று பேசத் தொடங்கினால் அதற்குத்தான் எடை அதிகம்.

ஜூன் 13, வெள்ளி
ஓர் அம்மா கேட்டது: போனைப் பிடுங்கலாமா? வேண்டாம். நாலு நாளில் செகண்ட்ஹேண்ட் போன் வந்துவிடும். 'வீட்டுக்காரங்களே உனக்கு எதிரி' என்று ஆள் பிடிக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள், அதுவும் பலித்துவிடும்.

எதிரே உட்கார வைத்துக் கேட்டால் அது விசாரணை. காசிமேட்டுப் பக்கம் நடந்துகொண்டே இருபது நிமிஷம் பேசினால் போதும். வேத வாக்கியத்தில் வாதாட வேண்டாம், பதில் தயாராக வைத்திருப்பான். "அந்த அண்ணன நேர்ல பார்த்திருக்கியா? உன்னைப் போகச் சொல்றவர் ஏன் போகல?" கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். அன்றைக்கே பதில் வராது.

ஜூன் 20, வெள்ளி
டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் போலீசும் நகராட்சியும் சேர்ந்து இப்படிப்பட்ட இளைஞர்களுக்கு ஆளுக்கொரு வழிகாட்டியை அமர்த்தினார்கள். படிப்பு, வேலை, வீடு, இவைதான் பேச்சு. நம் பக்கம் ஃபுட்பால் கோச்சோ மெக்கானிக் ஷாப் அண்ணனோ போதும். துணைத்தேர்வுக்குப் பணம் கட்டி, கூட உட்கார்ந்து கணக்குப் போட வைத்தாலே ராத்திரி பதினோரு மணிக்கு வேறு வேலை வந்துவிடும்.

ஜூன் 23, திங்கள்
ஆயுதம், பயணம், தேதி பற்றிப் பேசினாலோ, தன் சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ நடைப்பேச்செல்லாம் போதாது. அவசர உதவி 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. போனில் பேச, அரசின் மனநல உதவி எண் 14416.

போலீஸ் என்றதும் பெற்றோர் ஒளிக்கப் பார்ப்பார்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 83வது பிரிவு, மத்திய அரசு அறிவித்த ஆயுதக் குழு ஒன்று 18 வயதுக்கு உட்பட்டவரைச் சேர்த்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் அபராதம் என்கிறது. தண்டனை சேர்த்தவர்களுக்கு. ஆப்பை அழிக்காதீர்கள். அழியும் மெசேஜை இன்னொரு போனில் படம் பிடித்து வையுங்கள். சொந்தக்காரர்கள் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.