கத்திரி வெயிலில் பேக்கர் ராட்

மே 4
கத்திரி ஆரம்பம். பையனுக்கு மஞ்சள் காமாலை. ரத்தத்தில் அதைக் காட்டும் பிலிருபின் 8.6.

மே 5
காலையில் ஜன்னலோரம் உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள் அப்படியேதான் இருக்கிறது. அத்தை கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கி வைத்திருந்தார். டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்றேன். மதியம்வரை என்னோடு பேசவில்லை.

எதிலிருந்து தொற்றியது? கேன் தண்ணீரா, அந்தக் கல்யாண வீட்டு வெல்கம் டிரிங்க்கா?

மே 6
ஃபோம் தோட்டா சுடும் நெர்ஃப் பொம்மைத் துப்பாக்கி இருக்கிறது, தோட்டா ஒன்றுகூட இல்லை. பாதி பக்கத்து வீட்டு சன்ஷேடில், மீதி கீழ்வீட்டு நாயிடம். "ஆர்டர் போட்டுடலாமே" என்றார் இவர், மஸ்கட்டிலிருந்து. போடலாம்தான். லீவு முழுக்கப் படுத்துக் கிடப்பவனுக்கு ஒரு வேலை வேண்டாமா? கட்டட சைட்டில் ஜன்னல் சீலன்ட்டுக்கு வாங்கிய பேக்கர் ராட், அதாவது சீலன்ட் பூசுமுன் இடுக்கில் அடைக்கும் ஃபோம் கயிறு, மிச்சம் கிடந்தது. கேட்டு வாங்கி வந்தேன். தோட்டாவும் அதே மாதிரி ஃபோம்தான், தடிமனும் அதே சைஸ்.

மே 7
ராட் சுருளிலேயே இருந்து பழகியது, வெட்டினால் வாழைப்பழம் மாதிரி வளைகிறது. அமெரிக்காவில் இதைத் துணி உலர்த்தும் மெஷினில் போட்டு நிமிர்த்துகிறார்கள். சென்னை மே மாதத்தில் மெஷின் எதற்கு? வயரிங்குக்குப் போடும் கேசிங் கேப்பிங் பட்டைக்குள் வைத்து மூடி மொட்டைமாடியில் போட்டேன். மதியம் எடுத்தால் ஸ்கேல் போல நேராக இருந்தது. அதே பட்டையில் 5 செ.மீ.க்குக் கோடு போட்டுப் புது பிளேடால் வெட்டினோம். பழைய பிளேடு ஃபோமை நசுக்கிவிடும்.

இன்னொரு சிக்கல். கம்பெனி தோட்டா உள்ளே குழல், நீளம் 7 செ.மீ.க்கு மேல். துப்பாக்கிக் குழாய்க்குள் ஒரு முளை இருக்கிறது, அது தோட்டாவின் ஓட்டைக்குள் போய் உட்காரும். ராட்டில் ஓட்டை ஏது? எங்கள் பிளம்பர் அண்ணன் அந்தக் குழாயை முளையோடு கழற்றிவிட்டு அரை இஞ்ச் சிபிவிசி தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை வைத்து ஒட்டிக் கொடுத்தார். அதன் உள்விட்டம் 12.4 மி.மீ. வரும். 12 மி.மீ. ராட் சரிந்து விழுகிறது, 13 கச்சிதமாக நிற்கிறது. சரிந்தால் காற்று பக்கவாட்டில் தப்பிவிடும், இறுக்கிப் பிடித்தால் நகரவே நகராது.

அவன் பாதி இட்லியோடு எழுந்துவிட்டான்.

மே 8
வாந்தி. எதுவும் செய்யவில்லை.

மே 9
வெறும் ராட் இரண்டடி போனதும் குட்டிக்கரணம் அடிக்கிறது. மூக்கில் கனம் வேண்டும். சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டு கேட்டேன். பின்சக்கரத்துக்குப் போடும் கால் இஞ்ச் குண்டு ஒரு கிராம், அது அதிகம். முன்சக்கரத்துக் குண்டு அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, அதுதான் சரி. சால்டரிங் அயர்னால் மூக்கில் குழி சுட்டு, குண்டை உள்ளே தள்ளி, மேலே பசை. சுடும்போது புகை வரும், அதனால் பால்கனியில் நான் மட்டும். குளூ கன் முழுச்சூட்டில் இருந்தால் ஃபோமே உருகிச் சுருங்குகிறது. ஸ்விட்சை அணைத்துக் கொஞ்சம் ஆறவிட்டு வைத்தால் ஒழுங்காகப் பிடிக்கிறது. மூக்கின் மேல் நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட் வட்டம்.

நேராகப் போனது! ஹாலின் அந்தக் கோடிவரை, பேப்பர் கப்பைத் தட்டிவிட்டு. படுத்தபடியே கைதட்டினான். இப்படி வீட்டில் செய்யும் தோட்டாவுக்கு ஸ்டெஃபான் என்று பேராம், யூடியூபில் பார்த்துச் சொன்னான். நெர்ஃப் 1969இல் வெறும் ஃபோம் பந்தாகத்தான் வந்தது என்பதையும் அத்தையிடம் இரண்டு முறை சொன்னான். அத்தை இரண்டு முறையும் "அப்படியா கண்ணா" என்றார்.

மே 10
வெல்கம் டிரிங்க் குடித்த யாருக்கும் ஒன்றுமில்லையாம். பானிபூரி? இந்தக் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ கிருமி உள்ளே போய் வெளியே தெரிய 2 முதல் 7 வாரம் ஆகும் என்கிறார் டாக்டர். அப்படியானால் மார்ச் முழுவதும் சந்தேகத்தில் வருகிறது.

மே 11
பிலிருபின் 5.2!!

மே 12
தூக்கம் வராமல் போனை நோண்டியது தப்பு. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை டாக்டர்கள் 2017இல் எழுதியது கண்ணில் பட்டது. பெரியவர்கள் இருவர், ஒரு சிறுவன், மூவருக்கும் நெர்ஃப் தோட்டா பட்டுக் கண்ணுக்குள் ரத்தக்கசிவு. அது கம்பெனி தோட்டா. என் தோட்டாவுக்குள் இரும்புக் குண்டு இருக்கிறது. தினமும் நான் டார்ச் அடித்துப் பார்க்கிற கண் அது.

காலையில் எல்லாவற்றையும் பிய்த்துப் பார்த்தேன். குண்டை இன்னும் உள்ளே தள்ளி, ஃபெல்ட்டை இரண்டாக்கினேன். கட்டட சைட்டில் போடும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் துப்பாக்கியைத் தொடக்கூடாது, கப்பைத் தவிர எதையும் குறிவைக்கக் கூடாது. "பல்லிய?" "கூடாது." "பாட்டிய?" அத்தை சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

மே 13
ஒரு தோட்டா மட்டும் இடப்பக்கமே போகிறது. குண்டு நடுவில் உட்காரவில்லை போல. தூக்கிப் போடு என்றால் கேட்கவில்லை, அதற்குப் பெயர் வைத்துவிட்டான்.

மே 14
இரண்டாவது இட்லி அவனே கேட்டான்.

மே 15
காலையில் ரத்தம் எடுத்தாயிற்று. ரிப்போர்ட் ஆறு மணிக்கு மேல். கண் வெளுத்த மாதிரிதான் தெரிகிறது, அத்தையும் அதையே சொல்கிறார், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் போன வாரமும் அதைத்தான் சொன்னோம். பசைக் குச்சி தீர்ந்துவிட்டது. கடை மூடுமுன் போய்