வெஸ்லி ஐயா வீட்டுக்குப் போய் வந்தோம்

மட்டக்களப்பில் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவர்களுக்கு, அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி என்பது ஞாயிறு பள்ளியிலேயே காதில் விழுந்த பெயர். அவர் அடக்கமாகியிருக்கும் இடத்தை ஒருநாள் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. லண்டனில் இருக்கும் அக்காவோடு போன மாதம் அது நிறைவேறியது. ஓல்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி சிற்றி ரோட் வழியே கொஞ்சத் தூரம் நடந்தால் வெஸ்லியின் ஆலயம் வந்துவிடும்.

1778 நவம்பர் 1ஆம் திகதி திறக்கப்பட்ட ஆலயம். அதற்கு முன் பக்கத்திலேயே ஒரு பழைய பீரங்கி வார்ப்பாலையில்தான் கூடினார்கள். வாசல் மண்டபத்தில் உருண்டு திரண்ட மரத்தூண்கள் நிற்கின்றன, அவை கப்பல் பாய்மரங்கள்! மேல்மாடத்தைத் தாங்குவதற்கு மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் கொடுத்தவை என்கிறார்கள். 1891இல் உள்ளே கல்தூண்கள் வைத்தபோது இவற்றை இங்கே கொண்டு வந்து நிறுத்தினார்களாம். அதில் கை வைத்ததும் எனக்கு தோமஸ் கோக் ஐயாவின் நினைவுதான் வந்தது. வெஸ்லிக்கு வலக்கையாக இருந்தவர், 66 வயதில், 1813 கடைசியில் இலங்கைக்கென்று மிஷனரிமாரோடு கப்பல் ஏறினார். 1814 மே 3ஆம் திகதி காலை அறைக்குள் இறந்து கிடந்தார், உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். கூட வந்தவர்களில் வில்லியம் ஓல்ட் எங்கள் ஊருக்கு வந்து, எட்டே மாதத்தில், 1815 ஏப்ரலில் இறந்துபோனார். வரும் வழியிலேயே மனைவியையும் கடலுக்குக் கொடுத்தவர் அவர். நாங்கள் இன்று ஆராதனைக்குப் போகிறோம் என்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பக்கத்து வீடுதான் வெஸ்லி கடைசிக் காலத்தில் இருந்த வீடு. படுக்கையறையை ஒட்டி ஒரு சின்ன ஜெப அறை, இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும். ஒரு முழங்கால் படி, ஒரு மேசை, ஜன்னல், அவ்வளவுதான். அக்கா ஒன்றும் பேசாமல் முழங்காலில் இருந்துவிட்டா. நானும் கதவடியில் நின்று கண்ணை மூடினேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஆலயத்துக்குப் பின்னால் கல்லறை. சுற்றிவர உயரமான கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் அமைதியாக ஒரு முற்றம். வெஸ்லி 1791 மார்ச் 2ஆம் திகதி, 87 வயதில் இறந்தார். சனம் நெருக்கியடிக்கும் என்று பயந்து 9ஆம் திகதி விடியுமுன்னே விளக்கு வெளிச்சத்தில் அடக்கம் செய்தார்கள். ஆடம்பரம் எதுவும் வேண்டாம், ஆறு ஏழை மனிதர்கள் என்னைத் தூக்கட்டும், ஆளுக்கு ஒரு பவுண் கொடுங்கள் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். அடக்க ஆராதனையில் 'சகோதரன்' என்று வாசிக்க வேண்டிய இடத்தில் போதகர் 'தகப்பன்' என்று மாற்றிச் சொல்ல, நின்றவர்கள் அழுதுவிட்டார்களாம். அதை அந்தக் கல்லின் முன்னாலேயே நின்று அக்காவுக்குச் சொல்லும்போது எனக்கும் குரல் அடைத்தது.

அப்புறம் வீதியைக் கடந்து பன்ஹில் ஃபீல்ட்ஸ். அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே நின்றவர்களின் இடுகாடு இது, 1854 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை இங்கே அடக்கியிருக்கிறார்கள். 'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜோன் பனியன், ஞானப்பாட்டுகள் எழுதிய ஐசக் வாட்ஸ் எல்லாரும் இங்கேதான். நாங்கள் தேடிப் போனது வெஸ்லியின் தாய் சூசன்னா அம்மாவை. 19 பிள்ளை பெற்று, அதில் ஒன்பது பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த தாய். 1742இல் சாகும்போது, என் உயிர் பிரிந்ததும் கடவுளைத் துதித்துப் பாடுங்கள் பிள்ளைகளே என்றுதான் கேட்டார். மகன் ஆலயத்துக்குப் பின்னால், தாய் வீதிக்கு இந்தப் பக்கம். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம், கந்தோர்க்காரர் வாங்குகளில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். "பாடுவமா?" என்றா அக்கா. அம்மம்மா படிப்பித்த துதிப்பாட்டு ஒன்றை, தமிழில், மெல்லிய குரலில், மூன்று சரணமும் பாடி முடித்தோம்.