நான்கு நிறத் தேற்றமும் என் மூன்று வாரங்களும்

கோட்டுருவியல் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதப் பிரிவு) தேர்வுக்குப் படித்த நாள்களில், எல்லையைப் பகிரும் நாடுகளுக்கு வெவ்வேறு நிறம் தர எந்தத் தள வரைபடத்துக்கும் நான்கு நிறங்கள் போதும் என்பதைக் கணினித் துணையின்றி நிறுவிவிடலாம் என்று நம்பி, ஏறத்தாழ மூன்று வாரங்களை அதிலேயே கழித்தேன்.

முதல் தாளிலேயே சறுக்கினேன். ஒன்றையொன்று தொடும் ஐந்து நாடுகள் தளத்தில் அமையாது, ஆகவே நான்கு நிறங்கள் போதும் என்று எழுதினேன். முற்பகுதி உண்மை, அந்த 'ஆகவே'தான் செல்லாது. அமெரிக்காவின் நெவாடாவை ஐந்து மாநிலங்கள் வளையமாகச் சூழ்ந்துள்ளன. இந்த ஆறில் எந்த நான்கை எடுத்தாலும் அவை அனைத்தும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆயினும் ஒற்றைப்படை வளையத்துக்கு மூன்று நிறங்களும் நடுவிலுள்ள நெவாடாவுக்கு நான்காவதும் வேண்டியிருக்கின்றன.

அடுத்து நான் 'கண்டுபிடித்தது' கணிதவியலாளர் கெம்பே 1879இல் வெளியிட்ட நிறுவலையே என்று பின்னர்தான் தெரிந்தது. அதன் பிழையை மற்றொரு கணிதவியலாளரான ஹீவுட் 1890இல் காட்டும்வரை பதினோர் ஆண்டுகள் அது ஏற்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாட்டையும் ஒரு முனையாகவும், ஒன்றையொன்று தொடும் நாடுகளை இணைக்கும் கோட்டை விளிம்பாகவும் கொண்டால் வரைபடம் கோட்டுருவாகிறது. இன்னும் நிறம் பெறாத, ஐந்து அண்டை முனைகள் கொண்ட ஒரு முனையைச் சுற்றி வரிசையாக 1, 2, 1, 3, 4 ஆகிய நிறங்கள் இருப்பதாகக் கொள்வோம். இரு நிற முனைகள் மட்டும் இணைந்து நிற்கும் தொடரே சங்கிலி; அதன் இரு நிறங்களையும் ஒன்றுக்கொன்று இடமாற்றுவதே மாற்றம். 2–3 சங்கிலியும் 2–4 சங்கிலியும் வழியை அடைத்து நிற்கும்போது, ஒரு பக்கம் 1–4 மாற்றத்தையும் மறுபக்கம் 1–3 மாற்றத்தையும் செய்து, இரண்டு 1களையும் நீக்கி, நடு முனைக்கு 1ஐத் தந்துவிடலாம் என்பது கெம்பேயின் வாதம். தனித்தனியே இரண்டும் சரியானவை. ஆனால் அடைத்து நிற்கும் சங்கிலிகள் 2ஆம் நிற முனை ஒன்றில் குறுக்கிட்டால், முதல் மாற்றம் 2–4 சங்கிலியைக் குலைத்து, இரண்டாவது மாற்றத்துக்கு இருந்த காவலை அகற்றிவிடக்கூடும். 'இதேபோல' என்ற சொல்லால் இரண்டாம் மாற்றத்தைக் கடந்துவிட்ட எனக்கு இது பல நாள்கள் புலப்படவில்லை.

தேர்வுக்கு வேண்டியது, ஐந்து நிறங்கள் போதும் என்னும் ஐந்து நிறத் தேற்றம். அதில் ஒரே ஒரு மாற்றம் போதும் என்பதால் வாதம் பிழைத்துக்கொள்கிறது. n முனைகளுக்கு விளிம்புகள் 3n−6ஐ மிஞ்சாது என்பதால் படி (ஒரு முனையில் சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை) 5 அல்லது அதற்குக் குறைவான முனை கிடைக்கிறது என்பதைப் பலரும் எழுதிவிடுகிறார்கள். நான் மதிப்பெண் இழந்தது வேறிடத்தில்: ஐந்து அண்டை முனைகளும் வரிசையாக 1 முதல் 5 வரை வெவ்வேறு நிறம் கொண்டிருக்கும்போது, 1–3 சங்கிலி நடு முனையுடன் சேர்ந்து மூடிய வளைவாகி, 2ஆம் நிற அண்டை முனையை 4ஆம் நிற அண்டை முனையிலிருந்து பிரிக்கிறது என்ற வரியைப் படத்துக்கே விட்டுவிட்டேன். தளத்தன்மை இவ்விடத்தில்தான் மீண்டும் பயன்படுகிறது என்பதால் அதைச் சொற்களில் எழுதியே ஆகவேண்டும்.

நான்கு நிறங்களுக்குப் புதிய நிறுவல் கிடைத்ததாகத் தோன்றினால், கெம்பேயின் வழி தோற்கும் நிறமூட்டலைக் கொண்ட 9 முனைக் கோட்டுருவில் முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். ஹீவுட்டின் எதிர் எடுத்துக்காட்டில் 25 பகுதிகள் இருந்தன. கைக்கு ஒன்பதே வசதி. 1976இல் அப்பெலும் ஹாக்கெனும் கணினியால் முடித்த நிறுவலைச் சுருக்கி 1997இல் வெளியிட்டவர்களுக்கும் கணினியால் சோதிக்கும் 633 அமைவுகள் (சிறு கோட்டுருத் துண்டுகள்) தேவைப்பட்டன. என் வாதம் அந்த ஒன்பது முனைகளில், இரண்டாவது மாற்றத்திலேயே, அடுத்தடுத்த இரு முனைகளுக்கு ஒரே நிறத்தைக் கொடுத்து நின்றது.