இருபது ரூபாய் பிடித்தம்

பொதுத்துறை வங்கியில் 60 வயது முடிகிற மாதத்தின் கடைசி நாளோடு வேலை முடிந்துவிடும். சால்வை, மாலை, நாலு பேர் பேச்சு, குரூப் போட்டோ எல்லாம் நடக்கும். அன்றைக்கே நம்முடைய யூசர் ஐடியையும் முடக்கிவிடுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் நாம் கையெழுத்துப் போட்டால் பணம் நகர்ந்த இடத்தில், மறுநாள் நம் கையெழுத்து சொந்த சேமிப்புக் கணக்குக்கு மட்டும்தான் செல்லும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, முறை அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் மறுபடி வேலைக்குப் போகலாமா என்று நினைப்பவர், அந்தக் கையெழுத்து இல்லாமல் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை முதலில் யோசித்துக்கொள்வது நல்லது.

என்னோடு வேலை பார்த்தவர்கள் பலருக்குப் பென்ஷன் உண்டு. வங்கிகளில் 2010 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்கள்தான், ஊழியரும் பணம் கட்டுகிற புதிய பென்ஷன் திட்டத்தில் வருகிறார்கள். அதற்காக எல்லோரும் பொழுது போகாமல்தான் திரும்ப வேலைக்குப் போகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் படிப்பு, பாக்கி இருக்கும் வீட்டுக் கடன் என்று தேவை இருப்பவர்கள் நிறைய. சிலர் கிளையின் கணக்கு வழக்குகளை உடனுக்குடன் தணிக்கை செய்கிற கன்கரண்ட் ஆடிட்டராகப் போனார்கள். எனக்கு அமைந்தது நிதிசார் கல்வி ஆலோசகர் வேலை. ஒப்பந்தம், மாதத் தொகுப்பூதியம், அவ்வளவுதான். மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி நடத்துகிற மையத்தில் உட்கார வேண்டும், ஊர் ஊராகப் போய் முகாம் நடத்த வேண்டும்.

முகாம் என்றால் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் திண்ணை, நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை, பள்ளிக்கூட வராந்தா. நான் தயாரித்துக்கொண்டு போகும் பேச்சைவிட அவர்கள் கேட்கும் கேள்விகளில்தான் விஷயம் இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கேள்வி வந்துவிடும்: "சார், கணக்குல இருபது ரூபா புடிச்சிட்டாங்க, எதுக்கு?"

அது பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கான பிரீமியம். 2015 மே மாதம் தொடங்கியபோது வருடத்துக்கு 12 ரூபாய், 2022 ஜூனிலிருந்து 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் வாரிசுதாரருக்கு 2 லட்சம். இதோடு வருடத்துக்கு 436 ரூபாயில் ஆயுள் காப்பீடு ஒன்றும் இருக்கிறது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் கிடைக்கும், ஆனால் 50 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். ஏரிக்கரையில் மண் அள்ளும் பெண்களில் பாதிப் பேர் அந்த வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு மிஞ்சுவது இந்த இருபது ரூபாய்தான். அதைத்தான் பிடித்தம் என்று நினைத்துக் கோபப்படுகிறார்கள். பாரத்தில் கையெழுத்தோ ரேகையோ வைத்த அன்றைக்கு யாராவது இரண்டு நிமிஷம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இந்தக் கோபம் வந்திருக்காது.

ஒரு முகாம் முடிந்த பிறகு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தார். கணவர் வயலில் பாம்பு கடித்து இறந்திருந்தார். அவர் கணக்கில் கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை எப்படி எடுப்பது என்றுதான் கேட்க வந்தார். பாஸ்புக்கில் வெகு நாளாக எண்ட்ரி போடவில்லை. அவரைக் கிளைக்கு அழைத்துப் போய் எண்ட்ரி போட்டுப் பார்த்தால், மே மாதக் கடைசி வாரத்தில் 20 ரூபாய் எடுத்திருக்கிறது! பாம்புக்கடியும் இந்தக் காப்பீட்டில் விபத்துதான். கடித்தவுடன் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்ததால் அந்தப் பதிவு இருந்தது, இறப்புச் சான்றிதழும் இருந்தது. கிளை மேலாளர் வேறு மாநிலத்துப் பையன், தமிழ் இன்னும் பிடிபடவில்லை. அந்த அம்மா பேசியதை நான் அவருக்குச் சொன்னேன், அவர் கேட்டதை அம்மாவுக்குச் சொன்னேன். கிளெய்ம் பாரத்தை மேலாளரே முன்னால் உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடுத்தார். கொஞ்ச காலம் ஆனாலும் பணம் வந்துவிட்டது. அந்த அம்மா முதலில் செய்தது அடகில் இருந்த நகையை மீட்டதுதான்.

ஆயிரத்துச் சொச்சத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. இப்படி எத்தனை வீடுகளில் தெரியாமலே போயிருக்குமோ.

கவுண்ட்டரில் இருப்பவர்களை இதற்குக் குறை சொல்ல மாட்டேன். எதிரே வரிசை நிற்கும்போது ஒருவருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. மேலாளருக்கோ டெபாசிட், கடன், வசூல் என்று நாள் முழுக்க இலக்குதான். எனக்கு இப்போது இலக்கு இல்லை, வரிசையும் இல்லை. ஒரு பாட்டி பாஸ்புக்கை விரித்தால் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்ல நேரம் இருக்கிறது. பழைய வேலையில் எந்தப் பகுதிக்கு நேரமே கிடைக்காமல் இருந்ததோ, ஓய்வுக்குப் பிறகு அதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது என் எண்ணம். விட்டுவந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி தேடினால் அங்கே நமக்கும் நிம்மதி இல்லை, அந்த இளைஞர்களுக்கும் இல்லை.

அதனால் கிளைக்குப் போனால் சில விஷயங்களில் கவனமாக இருக்கிறேன். கவுண்ட்டருக்கு உள்ளே போவதில்லை. "எங்க காலத்துல" என்று ஆரம்பிப்பதில்லை. மேலாளர் கூப்பிட்டால்தான் கேபினுக்குள் போவேன். நாம் பார்த்த வங்கி வேறு, இவர்கள் பார்க்கிற வங்கி வேறு. போனில் மோசடி செய்து பணத்தை எடுத்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வருபவரை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பார்த்ததே இல்லை. இன்றைக்கு அந்தப் பையன்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லி நானும் ஒவ்வொரு முகாமிலும் எழுதிப் போடுகிறேன்.

ஒப்பந்தம் இந்த முறையும் நீட்டித்திருக்கிறார்கள். மே 25 முதல் 31 வரை பிரீமியம் எடுப்பார்கள். அந்தச் சமயம் கணக்கில் பணம் இல்லாவிட்டால் ஜூன் 1 முதல் பாதுகாப்பு கிடையாது. அதனால் ஏப்ரலிலேயே கிராமங்களைச் சுற்றத் தொடங்கிவிடுவேன். கணக்கில் ஐம்பது ரூபாயாவது விட்டுவையுங்கள் என்பது ஒன்று. இப்படி ஒரு காப்பீடு இருப்பதை வீட்டில் இன்னொருவரிடம் சொல்லிவையுங்கள் என்பது இன்னொன்று. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் அதைப் பேனாவால் எழுதியும் கொடுக்கிறேன், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பேரப்பிள்ளைக்கும் புரிகிற மாதிரி பெரிய எழுத்தில்.