தண்ணீர் ரொக்கெட்: செட்டைக்கு ஒரு கழற்றும் உறை

தண்ணீர் ரொக்கெட் என்றால், உள்ளே ஏற்றிய காற்று தண்ணீரைப் பின்னால் பீய்ச்ச மேலே பாயும் போத்தல். அழுத்தம் தாங்குகிற அந்தப் போத்தலில் செட்டையை, அதாவது நேராகப் பறக்க வைக்கும் வால் இறக்கையை, நேரே ஒட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. பெட் பிளாஸ்டிக்கில் சுப்பர் குளூ சரியாகப் பிடிக்காது, சூட்டுப் பசையோ போத்தலையே இளக்கிவிடும். அதனால்தான் செட்டையை ஒட்டுவதற்கு, போத்தலின் மேல் கழற்றி மாட்டுகிற உறை.

1.5 லீற்றர் போத்தல் காற்று ஏறினால் கொஞ்சம் உப்பும். ஆகவே அளவெடுத்தது உப்பிய நிலையில்: வாய்வரை தண்ணீர் நிரப்பி, 5 பார் அழுத்தம் ஏற்றி, நூலைச் சுற்றி, அதன் நீளத்தை 3.14 ஆல் பிரித்தேன். தண்ணீர் நிறைந்திருந்தால் உடைந்தாலும் பெரிதாகச் சிதறாது. வெறும் காற்றோடு இதைச் செய்யவே கூடாது.

உறையை அந்த விட்டத்துக்குச் சுருக்கி எடுக்க அதே அளவில் ஒரு மரக்கட்டை வேண்டுமே. கல்லடியில் கதிரைக்கால் கடையும் மாமா, “என்ன மனே, உலக்கையா?” என்று கேட்டபடியே மிச்சக் கட்டையொன்றைக் கடைந்து தந்தார்.

உறைக்கு 2 லீற்றர் போத்தலின் நடுப்பகுதி. இந்தப் போத்தல்களை இழுத்து ஊதித்தான் செய்கிறார்கள்; சூடு பட்டதும் பிளாஸ்டிக் பழைய அளவுக்குப் போகப் பார்க்கும். கட்டையில் ஒரு சுற்றுப் பொலித்தீன், மேலே போத்தல் வளையம், பிறகு கேத்திலிலிருந்து கொதிநீர் மெல்லிய தாரையாக. கட்டையை உருட்டிக்கொண்டே ஊற்ற வேண்டும், நின்றால் அந்த இடத்தில் மடிப்பு விழும். தளர்ந்து கிடந்த வளையம் மெல்ல இறுகி, மரத்தின் கடைசல் வரிகள்கூடப் பிளாஸ்டிக்கில் பதிந்துவிட்டன! ஆறிய பிறகே தட்டிக் கழற்றினேன்.

செட்டை மூன்றும் விளம்பரப் பலகைக்குப் போடும் குழல் பிளாஸ்டிக். குழல்கள் உறையிலிருந்து வெளிப்பக்கமாக ஓடும்படி வெட்டினால்தான் வளையாது. உறையை மட்டும் சேண்ட் பேப்பரால் சுரண்டிப் பொலியூரித்தேன் பசை போட்டேன். போத்தலில் கீறல் படவே கூடாது.

செட்டையைப் பெரிதாக்கினால் நிதானம் கூடும்தான், ஆனால் காற்றடிக்கும் பக்கமாக ரொக்கெட் திரும்பிவிடும். எங்கட கச்சான் காற்றுக்கு அது சரிவராது. எனவே சிறிய செட்டை, மூக்கில் கொஞ்சம் களிமண். ரொக்கெட்டின் பக்கத் தோற்றத்தைப் பிறிஸ்டல் போட்டில் வெட்டி விரலில் சமன் பார்த்தேன்; பக்கத்துக் காற்று தள்ளும் மையம் ஏறக்குறைய அந்தச் சமன் புள்ளிதான். தண்ணீர் இல்லாத ரொக்கெட்டின் பாரமையம் அந்தப் புள்ளியைவிட ஒரு போத்தல் விட்டம் முன்னுக்கு இருக்கிறது. நூலில் கட்டிச் சுழற்றியபோதும் மூக்கு முன்னேதான்.

இனி மூக்குக் கூம்பு. அதுவும் இதே கட்டையில்தான், ஆனால் பரசூட் வெளியே வர வேண்டுமே, இவ்வளவு இறுக்கம் ஆகாது. பொலித்தீனை இரண்டு சுற்றாக்கிப் பார்க்கப் போகிறேன். படுவான்கரையில் அறுவடை முடிந்த வயல் கிடக்கிறது, விடியற்காலையில் காற்று எழும்ப முதல் ஏவலாம்.